டாம் ஹார்னின் கதை 1894-இல் முடியவில்லை: ஒரு சிறுவர் நூல் வரிசையின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

ஆசிரியர் குழுவினருக்கு,

உங்கள் பொறுப்பாசிரியர் போன மாதம் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்று முடிவுகள் இருந்தன. அமெரிக்க மேற்கில் ராணுவச் சாரணராகவும் துப்பறிவாளராகவும் இருந்து, கடைசியில் ஒரு கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டாம் ஹார்னைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த வாழ்க்கை வரலாற்றில் பதினோரு அத்தியாயங்களில் கடைசி நான்கை எடுத்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் 'இதை யார் சொன்னது' என்று நான் வைத்திருந்த அரைப் பக்கக் குறிப்புகளையும் எடுத்துவிடுகிறீர்கள். நான் வைத்த தலைப்புக்குப் பதில் 'ஜெரோனிமோவைப் பிடித்த வீரன்' என்று வைக்கிறீர்கள் (ஜெரோனிமோ அமெரிக்க ராணுவத்தை எதிர்த்த அப்பாச்சே பழங்குடித் தலைவர்). இரண்டு முறை பதில் எழுதினேன், ஒரு முறை தொலைபேசியில் பேசினேன். "பார்க்கிறோம் சார்" என்றார்கள். அப்புறம் புத்தகக் கண்காட்சிக்கான உங்கள் விளம்பரத் துண்டறிக்கையில் அந்தப் புதிய தலைப்பையும் அதன் கீழே என் பெயரையும் பார்த்தேன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுத வேண்டியதாயிற்று.

அட்டைப்படத்தை வைத்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேயே தெரிகிறது. 'சாரணர்' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் ஓவியர் டாம் ஹார்னின் கழுத்தில் பள்ளிக்கூடச் சாரணர் படையின் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டிவிட்டார், கீழே வளையமும் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்று அதுதான் பொருள். ஆனால் அமெரிக்க ராணுவத்தில் ஸ்கவுட் என்பவர் முன்னால் போய்த் தடம் பார்ப்பவர், நீர் இருக்கும் இடம் சொல்பவர், எதிரியின் மொழி பேசுபவர். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே அதை விளக்கியிருக்கிறேன். ஓவியரிடம் யாரும் அந்தப் பக்கத்தைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

டென்வரில் ஆறு வருஷம் வேலை நிமித்தம் இருந்தேன். அங்கிருந்து வடக்கே நூறு மைலில் ஷையான், வயோமிங்கின் தலைநகர். டாம் ஹார்னைத் தூக்கிலிட்ட ஊர். வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போல்டர், அவரைப் புதைத்த ஊர். முதலில் சும்மா ஒரு சனிக்கிழமை வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பிறகு அது பழக்கமாகி, விடுமுறை என்றால் காப்பகம் என்றாகிவிட்டது. வீட்டில் "அந்த ஆள் உனக்கு என்ன மாமனா மச்சானா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை.

அந்த வருஷங்களில் ஒன்று புரிந்தது. ஹார்னைப் பற்றிப் பரவலாகத் தெரிந்த விஷயங்களில் பெரும்பகுதி ஹார்னே சொன்னது. ஷையான் சிறையில் சாவுக்குக் காத்திருந்தபோது தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அவர் தொங்கிய மறு வருஷம், 1904-இல், நண்பரும் பண்ணை முதலாளியுமான ஜான் கோபிள் அதை அச்சிட்டார். நல்ல கதைசொல்லி, சந்தேகமே இல்லை. படிக்க எடுத்தால் கீழே வைக்க மாட்டோம். அதுதான் ஆபத்தும்.

ஒரே ஒரு உதாரணம். 1876-லேயே தான் சாரணர் வேலையில் சேர்ந்துவிட்டதாக எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது பதினாறுகூட ஆகவில்லை, 1860 நவம்பரில் மிசூரியில் பிறந்தவர். ராணுவத்தின் தளவாடத் துறை, வாடகைக்கும் கூலிக்கும் எடுத்த ஆட்களையும் பொருட்களையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்தது. ஆள், வேலை, மாதச் சம்பளம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. எனக்குக் கிடைத்த நகல்களில் மை சில இடங்களில் தாளின் மறுபுறம் வரை ஊறியிருந்தது. எழுத்தரின் ஆங்கில எச் எழுத்து கே மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனேன். ஹார்ன் என்ற பெயர் வருகிறது, ஆனால் 1880-களில்தான் வருகிறது. அதுவும் முதலில் பொதிக்காரராக, அதாவது கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றி மலை ஏறும் ஆட்களில் ஒருவராக. அது கேவலமான வேலை இல்லை. அரிசோனா மலைகளில் அந்தக் கழுதைகள் இல்லாமல் ராணுவம் ஒரு நாள் தாங்காது. ஆனால் அவர் சொன்ன வேலை அதுவல்ல.

இதைத்தான் 'யார் சொன்னது' குறிப்பில் எழுதினேன். "சிறுவர்களுக்கு இந்தக் குழப்பம் எதற்கு?" என்று உங்கள் மின்னஞ்சல் கேட்கிறது. ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கிறார்கள். ஒற்றன் ஒருவனைப் பற்றிய புத்தகத்தில் மட்டும் அது குழப்பமாகிவிடுமா?

இப்போது ஜெரோனிமோ. பட்டியல்களைப் பார்க்கும்போது ஹார்ன் மேல் எனக்கு மரியாதை கூடவும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். 1886 ஜனவரியில் மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைக்குள் கேப்டன் எம்மெட் க்ராஃபோர்டின் படையோடு அவர் இருந்தார். 11-ஆம் தேதி காலை மெக்சிகோ நாட்டுப் படையினர் இவர்களைத் தாக்கினார்கள். க்ராஃபோர்டின் தலையில் குண்டு பாய்ந்து, சில நாள் கழித்து இறந்தார். ஹார்னுக்குக் கையில் காயம். இது அவர் வாய்ப்பேச்சு இல்லை, அதிகாரிகளின் அறிக்கைகளில் இருப்பது. அவர் தைரியசாலிதான்.

ஆனால் பிடித்தவர் அவர் இல்லை. யாருமே பிடிக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் சேர்த்து நாற்பது பேர்கூட இல்லாத ஒரு கூட்டத்தை ஐயாயிரம் சிப்பாய்கள் மாதக்கணக்கில் துரத்தினார்கள். முடியாமல் போனபோது லெப்டினென்ட் சார்ல்ஸ் கேட்வுட்டைப் பேச அனுப்பினார்கள். கேட்வுட்டுக்கு முன்னால், ஜெரோனிமோவின் முகாமுக்கு மலையேறிப் போனவர்கள் கயிட்டா, மார்ட்டீன் என்ற இரண்டு அப்பாச்சேக்கள். இருவரும் ஜெரோனிமோவின் அதே சிரிகாவா இனத்தவர். மேலே இருந்தவர்கள் சுட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அவர்கள் பேசிய பேச்சில்தான் ஜெரோனிமோ கேட்வுட்டைச் சந்திக்க ஒப்புக்கொண்டார், 1886 செப்டம்பர் 4-இல் ஜெனரல் மைல்ஸிடம் சரணடைந்தார். ஹார்ன் அந்தக் குழுவில் இருந்த மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர். அவ்வளவுதான். அவர் எழுதியதைப் படித்தால் எல்லாம் அவராலேயே நடந்தது போலிருக்கும்.

கயிட்டாவுக்கும் மார்ட்டீனுக்கும் கிடைத்த வெகுமதியைத்தான் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதினேன். ஜெரோனிமோவின் ஆட்களோடு சேர்த்து அவர்களையும் ரயிலில் ஏற்றி ஃபுளோரிடாவுக்குப் போர்க்கைதிகளாக அனுப்பினார்கள். ராணுவத்துக்கு உழைத்த மற்ற சிரிகாவா சாரணர்களையும் அப்படியே. அந்த இனத்தார் கைதிகளாக இருந்தது 27 வருஷம், 1913 வரை. நீங்கள் எடுக்காமல் விட்ட ஏழு அத்தியாயங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சுப்படி வந்தபோது பார்த்தால் இருவரின் பெயரும் போய், "இரண்டு பழங்குடியினர் வழிகாட்டினர்" என்று ஒரு வரி நிற்கிறது. உயிரைக் கொடுக்கத் துணிந்து மேலே ஏறியவர்களுக்குப் பெயர் இல்லை. கீழே மொழிபெயர்க்க நின்றவர் அட்டையில்.

அடுத்தது ரயில் துப்பறிவாளர் பகுதி. உங்கள் குழுவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது என்று தெரியும், புத்தகத்தை அங்கேயே முடிக்கவும் முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கும் பிடித்த பகுதிதான். 1890 வாக்கில் டென்வர் கிளையில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். ரயிலில் பணமும் பார்சலும் போகும் எக்ஸ்பிரஸ் பெட்டியில் இரும்புப் பெட்டகம் இருக்கும், கொள்ளையர்களுக்கு அதுதான் குறி. ரயில் கம்பெனியும் எக்ஸ்பிரஸ் கம்பெனியும் பணம் கட்டும், பிங்கர்டன்கள் ஆளை அனுப்புவார்கள். 1891 ஆகஸ்டு கடைசியில் கொலராடோவின் கோட்டபாக்சி அருகே டென்வர் ரியோ கிராண்டே ரயிலைக் கொள்ளையர்கள் மறித்தார்கள். ஹார்னும், கன்னிசன் பகுதி ஷெரிஃப் டாக் ஷோர்ஸும் தடம் பிடித்து மாநிலம் தாண்டிப் போய் இருவரைக் கைது செய்தார்கள், பர்ட் கர்ட்டிஸும் 'பெக் லெக்' வாட்சனும். அந்தப் பின்தொடர்தலை நான் இருபது பக்கம் எழுதினேன், நீங்கள் ஒரு வரிகூட வெட்டவில்லை. நன்றி.

வெட்டியது எதை? அதே 1891-இல் நெவாடாவின் ரீனோவில் ஒரு சூதாட்ட விடுதியில் நடந்த கொள்ளைக்காக இதே ஹார்ன் குற்றவாளிக் கூண்டில் நின்றார் என்பதை. கடைசியில் விடுதலையானார். பிங்கர்டனில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த சார்லி சிரிங்கோ பின்னாளில் எழுதியது வேறு: ஹார்ன் குற்றவாளிதான், ஆனால் நம் ஆள் ஒருவன் சிறைக்குப் போகக் கூடாது என்று நிறுவனம் காப்பாற்றியது என்று வில்லியம் பிங்கர்டனே தன்னிடம் சொன்னாராம். சிரிங்கோவுக்கும் நிறுவனத்தோடு மனக்கசப்பு இருந்தது, அதனால் அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம் என்றும் குறிப்பில் எழுதியிருந்தேன்.

சிரிங்கோவின் அனுபவத்தை உங்களுக்காகவே இங்கே சொல்கிறேன். அவர் தன் நினைவுகளை அச்சிடப் போனபோது பிங்கர்டன்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1912-இல் புத்தகம் வெளிவந்தபோது பிங்கர்டன் என்ற பெயர் 'டிக்கன்சன்' ஆகியிருந்தது. டாம் ஹார்ன் 'டிம் கார்ன்' ஆகியிருந்தார். சோளத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் முறை படித்தபோது சிரித்துவிட்டேன். 1915-இல் உண்மைப் பெயர்களோடு எழுதிய அடுத்த நூலையும் முடக்கினார்கள். ஆக, ஹார்னின் வரலாற்றில் கத்தரி வைத்த முதல் ஆள் நீங்கள் இல்லை. ஆனால் அவர்களுக்குக் காப்பாற்ற ஒரு நிறுவனம் இருந்தது. உங்களுக்கு என்ன?

"சாவு, தூக்கு, சிறுவன் கொலை இதெல்லாம் எங்கள் வாசகர் வயதுக்குப் பொருந்தாது" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் வரிசையின் பின்னட்டையில் '12 முதல் 15 வயது' என்று அச்சிட்டிருக்கிறது. வில்லி நிக்கலுக்கு வயது 14.

எட்டாம் அத்தியாயம் அவனைப் பற்றியது, நீங்கள் எடுத்த நான்கில் முதலாவது. 1901 ஜூலை 18 காலையில் வயோமிங்கின் அயர்ன் மவுண்டன் பகுதியில் அப்பா கெல்ஸ் நிக்கலின் குதிரையில் கிளம்பினான். வேலிக் கதவைத் திறக்க இறங்கினான். அங்கேயே சுடப்பட்டான். மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். மாடு வளர்ப்பவர்களின் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே அவன் அப்பா ஆடுகளைக் கொண்டுவந்திருந்தார், அதற்குத்தான் பகை. பக்கத்து மில்லர் குடும்பத்தோடும் பழைய சண்டை உண்டு. அப்பாவின் உடையிலும் குதிரையிலும் போனதால் தூரத்தில் இருந்தவன் ஆள் மாறிச் சுட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

பிங்கர்டனை விட்டபின் ஹார்ன் பெரிய மாட்டுப் பண்ணைகளுக்குக் கால்நடைத் துப்பறிவாளராக வேலை பார்த்தார். திருட்டு மாடு ஓட்டுகிறான் என்று சந்தேகப்பட்ட ஆளை எச்சரிப்பது, கேட்கவில்லை என்றால் ஒளிந்திருந்து சுடுவது. இப்படித்தான் அவரைப் பற்றிப் பேசினார்கள். 1895-இல் இருவர், 1900-இல் கொலராடோவின் பிரவுன்ஸ் பார்க்கில் இருவர் என்று வரிசையாகச் செத்தார்கள், எதற்கும் அவருக்குத் தண்டனை இல்லை. 1902 ஜனவரியில் ஜோ லெஃபோர்ஸ் என்ற துணை மார்ஷல், அதாவது அரசின் காவல் அதிகாரி, மொன்டானாவில் வேலை இருப்பதாகக் கடிதம் காட்டி அவரை ஷையானுக்கு வரவழைத்தார். பேச்சுக் கொடுத்தார். கதவுக்குப் பின்னால் சார்ல்ஸ் ஓன்ஹாஸ் என்ற சுருக்கெழுத்தர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் ஹார்ன், வில்லி கொலையைப் பற்றி, தான் சுட்டதிலேயே சிறந்த குறி அது, செய்ததிலேயே ஈனமான காரியமும் அதுதான் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பகுதிகளை மேல்முறையீட்டுத் தீர்ப்பில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடூரம் காரணமில்லை. குரல் காரணம். தன்வரலாற்றில் கேட்ட அதே குரல். அதே வாய்ச்சவடால். கேட்பவர் முகத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போகும் அதே பழக்கம். குடித்திருந்தார், சும்மா பெருமை அடித்தார் என்றுதான் அவருடைய வக்கீல்கள் வாதாடினார்கள். ஜூரி ஏற்கவில்லை. மில்லர் வீட்டில் தங்கியிருந்த பள்ளி ஆசிரியை கிளெண்டலின் கிம்மல் அவர் நிரபராதி என்று கடைசிவரை போராடினார். ஆளுநர் கருணை காட்டவில்லை. 1903 நவம்பர் 20-இல், 43-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், தண்ணீரின் எடையால் தானே திறந்துகொள்ளும் ஒரு தூக்குமேடையில் நிறுத்தினார்கள். 1993-இல் ஷையானில் ஒத்திகை விசாரணையாக இந்த வழக்கை மறுபடி நடத்தியபோது விடுதலை என்று தீர்ப்பு வந்தது. அவர்தான் சுட்டாரா என்று என்னைக் கேட்டால், தெரியவில்லை என்பேன். அந்தச் சாட்சியத்தை வைத்து நான் தூக்கு கொடுத்திருக்க மாட்டேன். இதை அப்படியே புத்தகத்திலும் எழுதியிருந்தேன்.

உங்கள் குழுவிடம் நான் கேட்க நினைத்த கேள்வி இதுதான். ஜெரோனிமோவைப் பற்றி ஹார்ன் அடித்த பெருமையை உண்மை என்று எடுத்துக்கொண்டு தலைப்பு வைக்கிறீர்கள். லெஃபோர்ஸிடம் பெருமை அடித்ததும் அதே வாய்தான். ஒன்றை நம்பினால் இன்னொன்றையும் நம்ப வேண்டும். அப்படியானால் பதினான்கு வயதுப் பையனை மறைந்திருந்து கொன்றவரை வீரன் என்று பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் விற்கப் போகிறீர்கள். இரண்டையும் நம்பாமல் சரிபார்க்க வேண்டும் என்றால், தலைப்பு விழுந்துவிடுகிறது, குறிப்புகள் திரும்பி வந்துவிடுகின்றன. எனக்குச் சாதகமான பேச்சை மட்டும் நம்புவேன் என்பது மூன்றாவது வழி. அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அச்சுப்படி வரும்வரை எனக்கே உறைக்காதது. ஹார்னின் தன்வரலாறும் 1894-இல்தான் நிற்கிறது. பிங்கர்டனை விட்டு வயோமிங்குக்கு வந்து ஸ்வான் என்ற மாட்டுப் பண்ணைக் கம்பெனியில் சேர்ந்தேன், அதன்பிறகு என் வாழ்க்கையும் தொழிலும் என்னைவிட ஊராருக்குத்தான் நன்றாகத் தெரிகிறது என்று நக்கலாக ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர் சிறையில் உட்கார்ந்து எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினாரோ, நூறு வருஷம் தாண்டி அதே வருஷத்தில் நீங்களும் புத்தகத்தை மூடுகிறீர்கள். அவருக்குக் காரணம் இருந்தது.

ஏழு அத்தியாயத்தோடு போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் வாதாடவில்லை. காகித விலை தெரியும், 96 பக்கக் கணக்கும் தெரியும். இடம் வேண்டுமென்றால் ரயில் பின்தொடர்தலில் பத்துப் பக்கத்தை நானே குறைத்துத் தருகிறேன், ஏற்கெனவே குறைத்தும் வைத்திருக்கிறேன். அது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் செய்கிறேன்.

நான் கேட்பது இவை. 'ஜெரோனிமோவைப் பிடித்த வீரன்' என்ற தலைப்பை நீக்குங்கள். வேறு எந்தத் தலைப்பு வைத்தாலும் ஏற்கிறேன், பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவே. கயிட்டா, மார்ட்டீன் பெயர்களையும் அவர்கள் கைதிகளாகப் போன அந்த இரண்டு பக்கத்தையும் திரும்பச் சேருங்கள். வில்லி நிக்கல் அத்தியாயத்தையும் விசாரணை அத்தியாயத்தையும் சேருங்கள். துப்பாக்கிக் காயத்தைப் பற்றிய வரிகள் கடுமையாக இருக்கிறது என்றால் அவற்றைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தலாம். தூக்குமேடை வேலை செய்யும் விதத்தை விளக்கும் அரைப் பக்கம் போனாலும் பரவாயில்லை. 'யார் சொன்னது' குறிப்புகள் ஒவ்வொன்றையும் நாலு வரிக்குள் சுருக்கி அனுப்புகிறேன், அவை இருக்க வேண்டும். ஓவியரிடம் தயவுசெய்து அந்தக் கழுத்துத் துணியை எடுக்கச் சொல்லுங்கள். இனி இந்த வரிசையில் யாருடைய வாழ்க்கையை வெளியிட்டாலும், வெட்டியதை எழுதியவருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு விளம்பரத்துக்குக் கொடுங்கள்.

இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். முடியாது என்றால் அட்டையிலிருந்தும் உள்ளே இருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள், கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் தாருங்கள். முன்பணம் பதினைந்தாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன், பிரதி கைக்கு வந்த அன்றே அனுப்பிவிடுவேன். பட்டியல் நகல்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய என் மேசைமேல்தான் இருக்கின்றன. உங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பூதக்கண்ணாடியும் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்தப் பதினோரு அத்தியாயங்களை எழுதியவன்